மூங்கில் கிணறு

வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். சாயங்காலம் நாலு மணி ஆனால் நீலச் சட்டையும் கூம்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, சீனாக்காரன் வேஷத்தில், ஒரு நீளப் பலகையின் நுனியில் ஏறி மிதிக்க வேண்டும். மிதித்தால் பலகையின் அடுத்த முனை மேலே போகும். குதித்து இறங்கினால் அது தடாலென்று கீழே விழும். மறுபடி ஏற வேண்டும். இதற்காகவா வைரவன் சங்ககிரியிலிருந்து துபாய் வரைக்கும் வந்தான் என்றால், இல்லை. வந்தது கட்டிட வேலைக்கு.

2006 கடைசியில் குளிர் ஆரம்பித்ததும் ஊருக்கு வெளியே மணலில் ஒரு பெரிய சந்தை போட்டார்கள். நாட்டுக்கொரு கூடாரம். சீனக் கூடாரத்தில் வேடிக்கை காட்ட வேண்டிய ஆட்களுக்கு விசா வந்து சேரவில்லை. யாராயிருந்தாலும் சரி, நாலு பேரை அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்க, தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்பில் ஃபோர்மேன் கண்ணில் முதலில் பட்ட நாலு பேரை வேனில் ஏற்றிவிட்டார். ஒருத்தன் நேபாளி. பார்க்கக் கொஞ்சம் பொருத்தமாக இருக்கிறான் என்று அவனை முன்னால் நிறுத்தினார்கள். இன்னொருத்தன் பங்களாதேஷி. மூன்றாவது நாகர்கோவில் பத்மநாபன். நாலாவது, ஆறடி உயரமும் அரிவாள் மீசையுமாக, நம் வைரவன். தொப்பியைப் போட்டதும் மீசை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அரபிக் குழந்தைகள் அவனோடு நின்றுதான் அதிகம் போட்டோ எடுத்துக்கொண்டன.

அவர்கள் மிதித்தது கிணறு துளைக்கும் பழங்கால யந்திரம். யந்திரம் என்று சொல்வதா என்பதே சந்தேகம், ஏனென்றால் அதில் இரும்பு என்பது ஒரே ஒரு துண்டுதான். மற்றதெல்லாம் மூங்கில். மூங்கிலைக் கட்டி எழுப்பிய கோபுரம், மூங்கில் நாரைப் பின்னிய வடம், வடத்தின் நுனியில் உளி மாதிரி கனத்த இரும்பு பிட்டு. பலகை ஏறி இறங்க, பிட்டும் ஏறி இறங்கும்.

முதல் நாளே பத்மநாபன் பக்கத்திலிருந்த போர்டைப் படித்துச் சொன்னான். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னயே சீனாக்காரன் இப்பிடித்தான் மிதிச்சு மிதிச்சுக் குழி போட்டுருக்கான்டே. ஒரு கெணறு ஆயிரம் மீட்டராம். அப்பன் தொடங்குனா மவன் வந்து முடிப்பானாம்."

"ஆயிரம் மீட்டரா? மூவாயிரத்துச் சொச்சம் அடி! டீசல் இல்லாமயா?" என்றான் வைரவன்.

"போர்டுல டீசலப் பத்தி ஒண்ணும் போடல மக்கா."

வைரவனுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அவன் கல்ஃபுக்கு வருமுன் ஆறு வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் வண்டியில் வேலை பார்த்தவன். கம்ப்ரசர் போடும் கூச்சலில் பக்கத்திலிருப்பவன் காதைக் கடித்தாலும் தெரியாது. பூமியைத் துளைப்பது என்றால் சண்டை போடுவது என்றுதான் அவன் நினைத்திருந்தான். இவர்கள் என்னடாவென்றால் ஏற்றம் மிதிக்கிற மாதிரி மிதித்துப் பூமிக்குள் போயிருக்கிறார்கள். அவனுக்கு அந்த ஆட்களின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

ஆனால் பிட்டு விழுகிற சத்தம் மட்டும் அவனுக்கு ஆகவில்லை. தொப்பு, தொப்பு. குனிந்து பார்த்தான். தரையில் பதித்திருந்த தடித்த மூங்கில் குழாய்க்குள் முழங்கால் ஆழத்திலேயே ஒரு ரப்பர் மெத்தை போட்டிருந்தார்கள். எல்லாம் கண்காட்சிக்குத்தான், கிணறாவது மண்ணாவது! இரும்பு மேலே போய்க் கீழே வந்தும் ஒரு விரற்கடை இறங்காமல் இருப்பதை ஒரு போர் வண்டிக்காரன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? வைரவன் ஒரு மாசம் பொறுத்துக்கொண்டான். அதுவே பெரிய காரியம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சரோஜாவுக்குப் போன் போட்டான். சரோஜா அவன் மனைவி. ஊரில் மூன்று ஏக்கர் வானம் பார்த்த காட்டையும் ஒரு வறண்ட கிணற்றையும் தனியாகக் காத்துக்கொண்டிருக்கிறவள்.

"ஏனுங், சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தவள், மாடு கன்று போட்டதைச் சொன்னாள், மழை ஏமாற்றியதைச் சொன்னாள், கடைசியில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசுகிற குரலில், "அண்ணன் போர் வண்டிக்குச் சொல்லிப்போட்டுதுங். தை கடைசி வெள்ளிக்கு வருதாம்" என்றாள்.

"தையிலயா? நான் மாசியில லீவுல வாறனே. பத்து நாள் பொறுத்தா நானே பக்கத்துல நின்னு போட்டுருவனல்ல?"

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"நீங்க வாறதுக்கு முன்னாடியே போட்டரலாம்னுதானுங்" என்றாள் சரோஜா.

வைரவன் "சரி" என்றான். போனை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தான். அந்தக் கைதான் காரணம்.

போர் வண்டித் தொழிலில் கைராசி என்று ஒன்று உண்டு. பிட்டு மண்ணைத் தொடுமுன் பூசை போட்டுத் தேங்காய் உடைப்பது யார் என்று பார்ப்பார்கள். ராசியான கை உடைத்தால் தண்ணீர் பீறிடும் என்பது நம்பிக்கை. வைரவன் உடைத்த இடத்திலெல்லாம் புழுதிதான் பீறிட்டது. பூமிக்குள் தண்ணீர் இல்லாததற்கு இவன் என்ன செய்வான்? நியாயமான கேள்விதான், ஆனால் நியாயம் பேசி எந்த ஊர் வாயை மூட முடிந்திருக்கிறது! முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு தேங்காயை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். கடைசியில் பூசை முடியும்வரை வண்டிக்குள்ளேயே இருந்துக்கப்பா என்று முதலாளி தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் அவனை அதிகம் சுட்டது.

வீம்புக்குத் தன் சொந்தக் காட்டில் அவனே தேங்காய் உடைத்தான். தொள்ளாயிரம் அடி. ஒரு சொட்டு ஈரமில்லை. வெள்ளைப் புழுதி எழும்பி வேலிவரை மூடியது. நடுவில் சரோஜா, தலை முதல் கால்வரை மாவில் புரட்டினாற்போல் நின்றாள். வைரவன் அவள் பக்கம் போகவில்லை. லாரிக்குப் பின்னால் போய் டயரோடு டயராக உட்கார்ந்துகொண்டான். அடுத்த இரண்டு மாசத்தில் விசா கிடைத்தது, வந்துவிட்டான்.

இப்போது கட்டியவளே நீ வருமுன் போட்டுவிடலாம் என்கிறாள். ஊர் சொன்னதெல்லாம் ஒரு தட்டு, இது ஒரு தட்டு.

மறுநாள் சந்தை திறக்குமுன், யாரும் இல்லாத மத்தியானத்தில், மூங்கில் குழாய்க்குள் கையை விட்டு ரப்பர் மெத்தையை உருவி வெளியே போட்டான். தன் கையால் மண்ணுக்குள் ஒரு தடவையாவது ஈரம் பார்த்துவிட வேண்டும். அதுவும் தைக் கடைசி வெள்ளிக்குள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

"ஒனக்கு வட்டாடே, கிறுக்கா? கூடாரத்து மேடம் பாத்தா நாலு பேரையும் வேன்ல ஏத்திருவா" என்று பத்மநாபன் பதறினான்.

"நீ மிதி. மத்தத நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் பிட்டு விழுந்த சத்தமே வேறாக இருந்தது. சொத்து, சொத்து என்று ஈர மண்வெட்டி விழுகிறாற்போல. வைரவன் பலகையிலிருந்து இறங்கி வடத்தைப் பிடிக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டான். ஒவ்வொரு தடவை பிட்டு எழும்பும்போதும் வடத்தைக் கொஞ்சம் திருக வேண்டும், அப்போதுதான் குழி வட்டமாக இறங்கும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. கூடாரச் சுவரில் ஒரு பெரிய ஓவியம் இருந்தது, அதில் ஒரு குடுமிக்காரன் அப்படித்தான் திருகிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து இவன் திருகினான்.

மணல் சரியாமலிருக்க மூங்கில் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகி இறக்கினான். கணு நீக்கிய தடி மூங்கில்கள் அலங்காரத்துக்கென்று கூடாரத்தின் பின்னால் அடுக்கியிருந்தன. உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் மண் குழம்பாகும். அந்தக் குழம்பை அள்ளுவதற்கும் சீனாக்காரன் ஒரு வழி வைத்திருந்தான். ஒல்லி மூங்கில், அடியில் ஒரு தோல் மூடி. உள்ளே இறங்கும்போது மூடி திறந்துகொள்ளும், தூக்கும்போது பாரத்தில் தானே மூடிக்கொள்ளும். கண்காட்சிக்கு மாட்டியிருந்த அந்த ஏனத்தை வைரவன் முதன்முதலாக உபயோகித்தபோது, அது வாய் நிறையச் சேற்றோடு மேலே வந்ததைப் பார்த்து அவனுக்கு அதைக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

நாட்கள் ஒன்றோடொன்று கரைந்துபோயின. சந்தையின் விளக்குகள், ராட்டினப் பாட்டு, பாப்கார்ன் வாசனை எல்லாம் தூரத்தில் எங்கேயோ நடந்தன. பலகை ஏறும், இறங்கும். வடம் கைக்குள் நடுங்கும். அந்த நடுக்கத்தில் அவனுக்குக் கீழே இருப்பதெல்லாம் தெரிந்தது. இது பொடிமணல். இது சிப்பி கலந்த மணல். இது ஏதோ கெட்டியானது, எந்தக் காலத்துக் கடலின் தரையோ. கண்ணை மூடிக்கொண்டால் பலகைப் பக்கம் அவனையும் சேர்த்து நாலு பேர் மட்டும் இருப்பதாகத் தோன்றாது. ஓவியத்துக் குடுமிக்காரன் இறங்கி வந்து பக்கத்தில் மிதிப்பான். அவனுக்குப் பின்னால் அவன் அப்பன், அதற்குப் பின்னால் இன்னொருவன், வரிசை ஓவியத்து மலைவரை நீளும். எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் மிதிப்பார்கள். ஒருவரும் கைராசி பற்றிப் பேச மாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரே குழியில் மிதிக்கிறவனுக்கு ராசியைப் பற்றி யோசிக்க நேரம் ஏது!

கண்ணைத் திறந்தால் ஓர் அரபிக் குழந்தை அவன் மீசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பக்கத்தில் டீக்கடை போட்டிருந்தார் லுக்மான், கீழக்கரைக்காரர். வந்த முதல் வாரமே மாப்ளே என்று உறவு கொண்டாடிவிட்ட மனுஷன். வைரவன் அவரிடம்தான் குழிக்கு ஊற்றத் தண்ணீர் வாங்குவான்.

"என்னா மாப்ளே, பாலைவனத்துக்குத் தண்ணி ஊத்துறியளா? யா அல்லா, என் கடைத் தண்ணிய பூராவும் கொண்டுபோயி மண்ணுக்குள்ள விடுறியளே, மொளச்சா வருது?"

"மொளைக்கும் பாய். பாத்துக்கிட்டே இருங்க."

"மொளச்சா மொதக் கிளாசு எனக்குத்தான்" என்றார் லுக்மான். ஆனாலும் ஒருநாள்கூட வாளியை மறுத்ததில்லை.

தை மாசம் ஓடியது. தோல் மூடி ஏனம் சேற்றைக் கொண்டுவந்தது, மறுபடி சேற்றைக் கொண்டுவந்தது. ஊற்றிய தண்ணீரை மணல் குடித்துவிடும். மறுநாள் பார்த்தால் குழி உலர்ந்து கிடக்கும். கடைசி வெள்ளிக்கு இரண்டே நாள் இருக்கையில், புதன்கிழமை மத்தியானம், மாட்டிக்கொண்டான்.

சீனக் கூடாரத்தின் பொறுப்பு லின் மேடம் என்கிற பெண்மணியிடம் இருந்தது. குட்டை முடி, கையில் எந்நேரமும் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க். கோபுரத்தைத் துடைக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தவள், வடம் குழிக்குள் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டாள். இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. அவள் கண்ணும் வாயும் பெரிதாகிக்கொண்டே போயின.

"இது ஷோ! ஒன்லி ஷோ! ஹோல் மாஃபி!" என்று கத்தினாள். வேடிக்கை மட்டும்தான், குழி கூடாது என்கிறாள். இங்கிலீஷ், அரபி, நடுவில் அவள் பாஷை. சந்தை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்தால் கூடாரத்தையே மூடிவிடுவார்கள், குழந்தை யாராவது காலை விட்டால் என்ன ஆவது என்று அவள் கையைக் காலை ஆட்டிக் காட்டினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. "டுமாரோ மார்னிங் சேண்ட் ஃபுல். கலாஸ்" என்று முடித்தாள்.

நாளைக் காலை மணலைப் போட்டு மூடு என்கிறாள். வைரவன் தலையை ஆட்டினான். பிறகு ஒரு விரலைக் காட்டி, "மேடம், டுடே... ஒன் டே" என்றான். அவன் முகத்தில் என்ன இருந்ததோ, மேடம் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, பதில் சொல்லாமல் போய்விட்டாள். சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு மிதித்தார்களே, அதுதான் மிதி! நேபாளியும் பங்களாதேஷியும்கூட விஷயம் தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள். பத்மநாபன் "மிதி மக்கா, மிதி மக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெயில் தாழ்ந்து மணல் மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. மக்ரிப் பாங்கு சொல்கிற நேரம். வைரவன் கைக்குள் வடம் திடீரென்று நடுக்கத்தை நிறுத்தியது. பிட்டு எதன்மேலோ மெத்தென்று உட்கார்ந்தது.

அவன் கையை உயர்த்தினான். பலகை நின்றது. ஏனத்தை இறக்கினான். அது போன ஆழம் அவனுக்கே பயமாக இருந்தது. தூக்கும்போது கனத்தது. மேலே வந்ததும் வாளியில் சாய்த்தான்.

சேறு வரவில்லை. கலங்கலாக, குளிர்ந்து, வாளி முழுக்கத் தண்ணீர்.

"ஏய்!" என்று கத்தினான் பத்மநாபன். லுக்மான் கிளாசோடு ஓடி வந்தார். சத்தம் கேட்டு மேடமும் வந்துவிட்டாள். வைரவன் யாரையும் பார்க்கவில்லை. வலது கையைக் குழித்து அள்ளி வாயில் வைத்தான்.

உப்பு. நாக்கு சுருண்டுபோகிற உப்பு.

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். வாழ்க்கையில் முதன்முதலாக அவன் கைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, அதுவும் வாயில் வைக்க முடியாத தண்ணீராக. இப்படியும் ஒரு கையா! கடவுளே, இந்தக் கையை வெட்டிப் போட்டால்தான் என்ன என்று அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

மேடம் வாளியில் விரலை நனைத்து நக்கிப் பார்த்தாள். உடனே சின்னப் பெண் மாதிரி கைதட்டினாள். "சால்ட்! குட்! வெரி குட் வெல்!" என்று சொல்லி, வைரவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் போர்டின் முன் நிறுத்தினாள்.

பத்மநாபன் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "லேய், நம்ம இத்தனை நாளு இத அடிவரைக்கும் படிக்காமப் போனோமே. சீனாக்காரன் கெணறு போட்டதே உப்புத் தண்ணிக்குத்தானாம்டே. அவுக ஊரு உள்நாட்டுல, பக்கத்துல கடலு கெடையாது. பூமிக்குள்ளேந்து உப்புத் தண்ணிய எடுத்துக் காய்ச்சி உப்பு எடுப்பானாம். நல்ல தண்ணி வந்தா அதுதான் நட்டமாம்."

மேடம் வைரவனின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள். "குட் ஹேண்ட்" என்றாள். பிறகு பொறுப்பு ஞாபகம் வந்து, "பட் டுமாரோ சேண்ட்" என்றாள்.

லுக்மான் வாளியிலிருந்து ஒரு வாய் எடுத்து, முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினார். "மாப்ளே, டீக்கு ஆவாது. கடல்ல கெடந்த மனுசன் சொல்றேன், இது அசல் சரக்கு."

வைரவன் சந்தையின் பின்பக்கம் போய் போனை எடுத்தான். நல்ல தண்ணீர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யார் வந்து நாக்கை வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? மணி அடித்து சரோஜாவின் குரலைக் கேட்டதும் அந்த யோசனை போய்விட்டது. ரப்பர் மெத்தையை உருவியதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"தண்ணி வந்துச்சுங்களா!" என்றாள் சரோஜா.

"வந்துச்சு. உப்பு."

சரோஜா கணக்குப் பார்க்கிற குரலில் கேட்டாள்.

"குழிக்குள்ள நீங்க ஊத்துனது நல்ல தண்ணிதானுங்களே?"

"ஆமா. டீக்கடைத் தண்ணி."

"நல்ல தண்ணியா வந்துருந்தா அது நீங்க ஊத்துனதாத்தான் இருக்கும். உப்பா வந்துருக்குதுன்னா பூமி குடுத்ததுங் அது." அவள் குரல் உடைந்து, சிரித்து, மறுபடி உடைந்தது. ஆறு வருஷம் போர் வண்டிக்காரனோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா.

வைரவனுக்கு அது தோன்றவே இல்லை. கைக்குழியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "இருந்தாலும் வெள்ளிக்கெழமை உங்கண்ணனே தேங்கா உடைக்கட்டும். என் கை வேண்டாம்னுதான நீ முன்னாடியே போடறே?"

"உங்க கைக்காவன்னு யாரு சொன்னா?" அவள் சீறினாள். "எனக்கென்ன பைத்தியமா? அன்னைக்குப் புழுதிக்குள்ள நானு நின்னனே, சுத்தியும் முத்தியும் உங்களைத் தேடுனேன். நீங்க லாரிக்குப் பின்னால போயி உக்காந்துட்டீங்க. அப்பறம் என் மூஞ்சியவே பாக்காம ஏரோப்ளேன் ஏறிட்டீங்க. இன்னொருக்கா தண்ணி வல்லீன்னா மறுபடி எங்கியாச்சும் ஓடிப்போயிருவீங்களோன்னுதானுங், நீங்க வாறதுக்குள்ள முடிச்சுப்போடலாம்னு பாத்தேன்."

ஒரு வருஷமாக எதைக் கையின் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தானோ அது கையின் குற்றம் இல்லை.

"சரோஜா."

"அண்ணங்கிட்டச் சொல்லி வண்டிய மாசிக்கு மாத்தச் சொல்றேன். நீங்க வந்து உடைங்க. தண்ணி வந்தாலும் சரி, புழுதி வந்தாலும் சரி, எம்பக்கத்துல நிக்கோணும். நிப்பீங்களா?"

"நிக்கறேன்" என்றான் வைரவன். சத்தம் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை சொன்னான்.

திரும்பி வந்தபோது லுக்மான் டீயை நீட்டினார். கூடாரத்து வாசலில் குழந்தைகள் வரிசையாக நின்று உப்புத் தண்ணீரில் விரலை விட்டு நக்கி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தன. பத்மநாபன் பலகையில் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பிட்டு அடியில் தண்ணீரில் விழுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது.

"என்னா மாப்ளே, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? வீட்டுல என்னா சொல்றாக?"

"தேங்கா நாந்தான் உடைக்கோணுமாம், பாய்."